இரண்டாம் கலம்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

ஓர் இலக்கிய வட்டம் பத்தாண்டுகள் இடையறாது இயங்குவது எளிய செயலன்று. திங்கள்தோறும் கூடிக் கவிதை படித்து, குறை சொல்லியும் குறை கேட்டும் வளர்ந்து, இன்று மலர் வெளியிடும் நிலைக்கு வந்திருக்கிறீர்கள். அந்த உழைப்பிற்கு முதற்கண் என் பாராட்டு.

எனக்கு நீங்கள் தந்த தலைப்பு பண்டைக் கிரேக்கரின் கடலாற்றல். கடலே கண்ணுக்குத் தெரியாத பட்டாபிராமில் கடற்போரைப் பற்றிப் பேசுவானேன் என்று உங்களுள் சிலர் எண்ணக்கூடும். ஆயினும் நம் ஊர் இருப்புப்பாதை நம்மைக் கடலுக்கே அழைத்துச் செல்கிறது. கிழக்கே போனால் வங்கக் கடல். மேற்கே போனால் திருவள்ளூரைக் கடந்து திருவாலங்காடு. அதற்கும் அப்பால் அரக்கோணம். கரையிலிருந்து அத்தனை தொலைவில் இருக்கும் அரக்கோணத்தில் 1992 முதல் இந்தியக் கடற்படையின் விமானத்தளம் இயங்கி வருகிறது. திருவாலங்காட்டிலோ அதனினும் பழைய கடற்செய்தி ஒன்று கிடைத்தது.

1905-ஆம் ஆண்டு அவ்வூரில் முப்பத்தொரு செப்பேடுகள் கொண்ட தொகுதி வெளிப்பட்டது. முதலாம் இராசேந்திர சோழன் பழையனூர் என்னும் ஊரைத் திருவாலங்காட்டு இறைவனுக்குக் கொடையாக அளித்ததை அது கூறுகிறது. அதன் வடமொழிப் பகுதி சோழர் குலப் பெருமையை விரித்துரைத்து வருகையில், கடல் கடந்து சென்ற படை கடாரத்தை வென்றது என்னும் செய்தியை ஒரே பாடலில் சொல்லி மேலே சென்றுவிடுகிறது.

சில ஆண்டுகளுக்கு முன் வகுப்பில் இராசேந்திரனின் மெய்க்கீர்த்தியை நடத்திக்கொண்டிருந்தேன். அலைகடலின் நடுவே பல கலங்களைச் செலுத்தி அவன் வென்ற ஊர்களின் பெயர்களைப் பெருமிதத்தோடு அடுக்கிக்கொண்டே போனேன். கடைசி வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்து, “அம்மா, அந்தக் கப்பல்களையெல்லாம் ஓட்டியவர்கள் யார்?” என்று கேட்டாள். நான் விடை சொல்லவில்லை. பாடம் முடியட்டும் என்றேன். பாடம் முடிந்தது, விடை என்னிடம் இல்லை. அன்று கூசியது இன்னும் நினைவிலிருக்கிறது. அக்கேள்வியே என்னைக் கிரேக்கரிடம் கொண்டு சென்றது. கடலை ஆண்ட பழங்குடியினருள், கலம் ஓட்டியவன் யார் என்னும் கேள்விக்கு எழுத்திலே விரிவாக விடை வைத்துச் சென்றவர்கள் அவர்கள். நம் முன்னோர் யவனர் என்று அழைத்தது அவர்களைத்தான். கிரேக்கரின் ஒரு பிரிவினரான அயோனியரின் பெயரே நம் நாவில் யவனர் என ஆயிற்று.

வெள்ளியும் துடுப்பும்

கி.மு. 483. ஏதென்ஸ் நகரத்திற்கு உரிய லாரியம் சுரங்கத்தில் புதிதாக வெள்ளி மிகுதியாகக் கிடைத்தது. அதைக் குடிமக்களுக்குப் பங்கிட்டுக் கொடுத்துவிடலாம் என்பதே பலருடைய விருப்பம். தெமிஸ்தோக்ளீஸ் என்னும் தலைவன் எழுந்து, அந்த வெள்ளியைக் கொண்டு போர்க்கலங்கள் கட்டுவோம் என்றான். மக்கள் மன்றம் இசைந்தது. இருநூறு கலங்கள் என்கிறார் ஹெரடோட்டஸ். கைக்கு வந்த பணத்தைத் தமக்கென எடுத்துக்கொள்ளாமல் மக்கள் கடலில் இட்டார்கள். ஏதென்சின் கடலாற்றல் அங்கே தொடங்குகிறது.

அக்கலத்தின் அமைப்பை நாம் சற்று அறிந்துகொள்ள வேண்டும். மூன்று அடுக்குகளில் துடுப்பு வலிப்போர் அமர்ந்த நீண்ட, ஒடுங்கிய கலம் அது. மேலடுக்கில் 62 பேர், நடுவடுக்கில் 54 பேர், கீழடுக்கில் 54 பேர். ஆக 170 பேர் துடுப்பு வலிக்க, மாலுமிகளும் வீரர்களும் சேர்ந்து ஏறத்தாழ இருநூறு பேர். முகப்பில் நீர்மட்டத்தில் வெண்கலம் போர்த்த முட்டுமூக்கு. எதிரியின் விலாவில் மோதி உடைப்பதே போர்முறை. ஆகவே அக்கலமே படைக்கலம். அதை எறியும் கை, துடுப்பு வலிப்பவன் கை. 170 பேரும் ஒரே தாளத்தில் இழுக்காவிட்டால் முட்டுமூக்கினால் பயனில்லை. போரின்போது பாயை நம்புவதில்லை. உணவும் நீரும் மிகுதியாக ஏற்றிச் செல்ல இடமில்லாததால் பெரும்பாலும் இரவில் கரையேறியே தங்க வேண்டும்.

அந்த 170 பேர் யார்? பெரும்பாலோர் நிலமற்ற ஏழைக் குடிமக்கள்; ஏதென்சில் குடியேறிய அயலவரும் கூலிக்கு வந்தோரும் அவர்களோடு இருந்தனர். குதிரை வாங்க வசதியுள்ளவன் குதிரைவீரன் ஆவான். கவசம் வாங்க வசதியுள்ளவன் காலாள் வீரன் ஆவான். எதுவும் இல்லாதவனுக்கு இரண்டு கைகள் இருந்தன. அவன் துடுப்பு வலித்தான். கலத்தை ஓராண்டு பேணும் செலவைச் செல்வர் ஒருவர் தலையில் நகரம் சுமத்தியது. வலிப்பவனுக்கோ கூலி தந்தது. கி.மு. 415-இல் சிசிலிக்குப் புறப்பட்ட படையில் மாலுமி ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு திராக்மா கொடுத்தார்கள் என்று துசிடிடீஸ் எழுதிவைத்திருக்கிறார். துடுப்போடு தான் உட்காரும் மெத்தையையும் துடுப்பைக் கட்டும் வாரையும் மாலுமி தோளிலே சுமந்து நடந்ததையும் அவரே குறித்திருக்கிறார்.

மக்களாட்சியை விரும்பாத பெயர் தெரியாத ஒருவர் அக்காலத்தில் ஏதென்சு அரசியலைப் பழித்து ஒரு சிறுநூல் எழுதினார். அவரும் ஓரிடத்தில் ஒப்புக்கொள்கிறார்: கலங்களை இயக்குபவர்கள் ஏழைகள், நகரத்திற்கு வலிமை தருபவர்கள் அவர்களே, எனவே ஆட்சியில் அவர்களுக்குப் பங்கு மிகுதியாக இருப்பது முறைதான் என்று. பகைவனின் வாயிலிருந்து வந்த சான்று இது. இதை வைத்து ஏதென்சைப் பொன்னுலகமாக எண்ணிவிட வேண்டா. பெண்ணுக்கு அம்மன்றத்தில் இடமில்லை, அடிமைக்கும் இல்லை. வெள்ளியை வெட்டியெடுத்த சுரங்கத்தில் உழன்றவர்கள் அடிமைகளே.

சலாமிசும் தோற்றவர் நாடகமும்

கி.மு. 480-இல் பாரசீகப் பேரரசன் செர்க்சீஸ் பெரும்படையோடு வந்து ஏதென்சை எரித்தான். மக்கள் நகரத்தைக் கைவிட்டுத் தீவுகளுக்குப் பெயர்ந்தனர். தெமிஸ்தோக்ளீஸ் தன் பணியாள் ஒருவனை இரவில் பாரசீகரிடம் அனுப்பி, கிரேக்கர் தப்பி ஓடப்போகின்றனர் என்று பொய்ச்செய்தி சொல்ல வைத்தான். செர்க்சீஸ் நம்பினான். அவன் பக்கம் ஐந்து கலங்களோடு வந்திருந்த அரசி ஆர்ட்டெமிசியா மட்டும், கடற்போர் வேண்டா என்று முன்பே அறிவுரை கூறியிருந்தாள். அது ஏற்கப்படவில்லை. பாரசீகக் கலங்கள் சலாமிஸ் தீவிற்கும் கரைக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய நீரிணைக்குள் நுழைந்தன. அங்கே எண்ணிக்கையே அவர்களுக்குச் சுமையாயிற்று. முன்னே வந்தவை திரும்ப முடியாமல் பின்னே வந்தவற்றோடு மோதின. ஏறத்தாழ 380 கிரேக்கக் கலங்கள் அப்பெருந்திரளை உடைத்தன. கரைமேட்டில் அரியணையிட்டு அமர்ந்திருந்த செர்க்சீஸ் அதைக் கண்ணால் கண்டான்.

எட்டாண்டுகள் கழித்து, கி.மு. 472-இல், ஈஸ்கிலஸ் என்னும் நாடகக் கவிஞர் இப்போரை ஏதென்சின் அரங்கில் ஏற்றினார். அவர் பாரசீகரோடு போரிட்டவர். முழுமையாகக் கிடைக்கும் கிரேக்க அவலநாடகங்களுள் மிகப் பழையது அதுவே. நாடகம் நிகழும் இடம் ஏதென்ஸ் அன்று. பாரசீகத் தலைநகரான சூசா. அரங்கில் தோன்றுபவர்கள் மகனுக்காகக் காத்திருக்கும் தாயரசி, இறந்த மன்னன் டேரியசின் ஆவி, கிழிந்த உடையோடு மீளும் செர்க்சீஸ், மாண்டவர் பெயரைச் சொல்லிச் சொல்லி அழும் முதியோர். ஊரை எரித்தவனின் தாய் அழுவதை, எரிந்த ஊரின் மக்கள் அமர்ந்து கேட்டார்கள். அந்நாடகத்திற்கு முதற்பரிசும் கொடுத்தார்கள். அதன் பெயர் ‘பாரசீகர்’. வென்றவர் விழாவில் தோற்றவர் பெயரால் ஒரு நாடகம்! இப்பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் நம் பரணிக்கு வரும்போது இது வேண்டும்.

விரைந்து சென்ற கலம்

சலாமிசிற்குப் பின் ஏதென்ஸ் கடலரசு ஆயிற்று. கி.மு. 478-இல் கூட்டணி அமைத்தது. நட்பு நகரங்கள் கலமோ பணமோ தர வேண்டும் என்றது. நாளடைவில் நட்பு திறையாயிற்று. டீலோஸ் தீவிலிருந்த பொதுக்கருவூலம் கி.மு. 454 அளவில் ஏதென்சிற்கே வந்துவிட்டது. கடலாற்றலில் அவர்கள் அடைந்த தேர்ச்சிக்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். கி.மு. 429-இல் போர்மியோ என்னும் தளபதி 20 கலங்களோடு 47 பகைக்கலங்களைக் கொரிந்து வளைகுடாவின் வாயிலில் எதிர்கொண்டான். பகைவர் வட்டமாக அணிவகுத்து நின்றனர். அவன் தாக்கவில்லை, அவ்வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வந்து இடத்தைக் குறுக்கிக்கொண்டே இருந்தான். விடியலில் வளைகுடாவிலிருந்து காற்று வீசும் என்பது அவனுக்குத் தெரியும். காற்று எழுந்தது; நெருங்கி நின்ற கலங்கள் ஒன்றையொன்று இடித்துக் குழம்பின. அப்போதுதான் தாக்கினான்.

ஆனால் நான் உங்களுக்குச் சொல்ல விரும்பும் கலம் போர்மியோவின் கலம் அன்று. கி.மு. 427-இல் மிட்டிலீன் என்னும் நட்புநகரம் ஏதென்சை எதிர்த்துக் கிளர்ந்து தோற்றது. சினங்கொண்ட ஏதென்சு மக்கள் மன்றம், அந்நகரின் ஆண்கள் அனைவரையும் கொல்க, பெண்டிரையும் பிள்ளைகளையும் அடிமைகளாக விற்க என்று தீர்மானித்தது. ஆணையோடு ஒரு கலம் அன்றே புறப்பட்டது. மறுநாள் பொழுது விடிந்ததும் மக்கள் மனம் உறுத்திற்று. மீண்டும் கூடினர், நெடிது வாதிட்டனர், மிகச் சிறிய வேறுபாட்டில் தீர்மானம் மாறிற்று. கொல்ல வேண்டா என்னும் ஆணையோடு இரண்டாம் கலம் புறப்பட்டது. முதற் கலமோ ஒரு பகலும் ஓர் இரவும் முந்திச் சென்றுவிட்டது.

துசிடிடீஸ் இதைச் சொல்லும் முறை நெஞ்சை விட்டு அகலாதது. இரண்டாம் கலத்தில் இருந்தோர் துடுப்பைக் கீழே வைக்கவில்லை. பார்லி மாவை மதுவிலும் எண்ணெயிலும் பிசைந்து, வலித்துக்கொண்டே உண்டார்கள். முறைவைத்துச் சிலர் உறங்கச் சிலர் வலித்தார்கள். எதிர்க்காற்று இல்லாதது அவர்கள் பேறு. முதற் கலத்தில் இருந்தோரோ, தாம் சுமந்து செல்லும் ஆணையின் கொடுமையை எண்ணி மெல்லவே வலித்தார்கள். தளபதி ஆணையைப் படித்து நிறைவேற்ற முனைந்த நேரத்தில் இரண்டாம் கலம் கரை சேர்ந்தது. கிளர்ச்சித் தலைவர்கள் கொல்லப்பட்டனர், அதை மறைக்கலாகாது. எனினும் நகரம் பிழைத்தது.

அன்பர்களே, வரலாற்றில் மன்னர் முடிவு எடுப்பதைப் படித்திருக்கிறோம். தளபதி முடிவு எடுப்பதைப் படித்திருக்கிறோம். துடுப்பு வலித்தவனின் மனம் ஒரு நகரத்தின் உயிரைத் தீர்மானித்ததை இங்கேதான் படித்தேன். ஒருவன் தயங்கித் தயங்கி இழுத்தான். இன்னொருவன் உண்ணவும் நில்லாமல் இழுத்தான். அவர்கள் பெயர் நமக்குத் தெரியாது. ஆயினும் அவர்கள் உண்ட மாவின் சுவைகூட எழுத்தில் இருக்கிறது.

பதினோராண்டு சென்றது. கி.மு. 416-இல் மீலோஸ் என்னும் சிறுதீவு ஏதென்சிற்கு அடங்க மறுத்தது. அங்கே அகப்பட்ட ஆண்கள் கொல்லப்பட்டனர். பெண்டிரும் பிள்ளைகளும் விற்கப்பட்டனர். இம்முறை இரண்டாம் கலம் புறப்படவில்லை. அடுத்த வேனிலின் தொடக்கத்தில், கி.மு. 415-இல், யூரிப்பிடீஸ் ‘திராயப் பெண்டிர்’ என்னும் நாடகத்தை அரங்கேற்றினார். கணவரை இழந்து, பிள்ளைகளை இழந்து, வென்றவர் கலத்தில் ஏறக் காத்திருக்கும் பெண்களின் புலம்பல் அது. அரங்கில் அமர்ந்திருந்தோர் அக்கலங்களின் சொந்தக்காரர்கள். அவர்கள் கேட்டார்கள், எழுந்து போனார்கள், அதே ஆண்டில் 134 கலங்கள் கொண்ட கூட்டுப் படை சிசிலித் தீவின் சிராக்யூஸ் நகரை நோக்கிச் சென்றது.

கி.மு. 413-இல் அப்படை, பின்னர் அனுப்பிய துணைப்படையோடு சேர்ந்து அழிந்தது. ஏழாயிரத்திற்குக் குறையாதோர் சிறைப்பட்டுக் கற்சுரங்கக் குழிகளில் அடைபட்டனர். வெயிலிலும் பனியிலும் கிடந்து பலர் மாண்டனர். அவர்களுள் சிலர் யூரிப்பிடீசின் பாடல்களை மனப்பாடமாகச் சொல்லி, அதனால் விடுதலை பெற்று ஊர் திரும்பினர் என்றும், அவரைக் கண்டு நன்றி சொன்னார்கள் என்றும் புளூட்டார்க் எழுதுகிறார். எந்தக் கவிஞர் சொல்லை நகரம் கேட்கவில்லையோ அந்தக் கவிஞர் சொல்லே சிலருக்கு உயிர் கொடுத்தது. இரண்டாம் கலம் காலம் தாழ்த்தியேனும் வந்தது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். கி.மு. 405-இல் ஏதென்சின் கடைசிக் கடற்படையும் அழிந்தது. மறு ஆண்டு நகரம் பணிந்தது.

வெண்ணிக் குயத்தியார்

இனி நம் கரைக்குத் திரும்புவோம். சங்கப் பாடல்களில் கடலாற்றல் பேசப்படாமல் இல்லை. கடலுக்குள் இருந்த பகைவரின் காவல்மரமாகிய கடம்பை வெட்டிய சேரலாதனைப் பதிற்றுப்பத்து பாடுகிறது. கடலையே பின்வாங்கச் செய்தவன் என்னும் அடைமொழியைச் செங்குட்டுவன் பெற்றான். இவையெல்லாம் வென்றவன் பக்கம் நின்று பாடியவை.

புறநானூற்றின் அறுபத்தாறாம் பாடல் வேறொன்று. பாடியவர் வெண்ணிக் குயத்தியார், பெண்பாற் புலவர், பெயரைக் கொண்டு மட்பாண்டம் வனையும் குடியினர் என்பர். கேட்பவன் வெண்ணிப் போரில் வென்ற கரிகாலன். பெருங்கடலில் கலம் செலுத்திக் காற்றைத் தன் ஏவலுக்கு உட்படுத்தியவன் வழிவந்தவனே என்றுதான் அவர் அவனை விளிக்கிறார். தமிழில் கடற்காற்றை ஆண்ட அரசனைப் பற்றிய மிகப் பழைய செய்திகளுள் ஒன்று இது. போர்மியோ விடியற்காற்றிற்குக் காத்திருந்ததைப் படித்தபோது எனக்கு நினைவிற்கு வந்தது இந்த விளிதான். இவ்வளவு உயர்த்திச் சொன்ன அப்பெண், அடுத்துக் கேட்பது என்ன? நீ வென்றாய், ஆயினும் முதுகிற்பட்ட புண்ணுக்கு நாணி வடக்கிருந்தானே, உன்னிடம் தோற்ற அந்தச் சேரன், அவன் உன்னினும் நல்லவன் அல்லனோ என்று கேட்கிறார்!

எண்ணிப் பாருங்கள். வெற்றி முரசம் இன்னும் ஓயவில்லை. பரிசில் தருபவன் எதிரே அமர்ந்திருக்கிறான். பாட வந்த பெண் தோற்றவனை உயர்த்துகிறாள். ஈஸ்கிலசிற்கு எட்டாண்டு இடைவெளி இருந்தது. அரங்கமும் முகமூடியும் இருந்தன. குயத்தியாருக்கு இவை எவையும் இல்லை. கரிகாலன் வெற்றிக்குப் பின்னால் அவர் அனுப்பியது இரண்டாம் கலம். அப்பாடலைத் தொகுத்து நமக்குத் தந்தவர்களும் வணக்கத்திற்கு உரியவர்கள்.

கடாரத்தின் அமைதி

இப்போது இராசேந்திரனிடம் வருவோம். அவன் தந்தை இராசராசனின் மெய்க்கீர்த்தி காந்தளூர்ச் சாலையில் கலம் அறுத்ததைக் கூறுகிறது. அங்கே கலம் என்பது மரக்கலமா, உண்கலமா, வேறு பொருளா என்று அறிஞர்கள் நெடுங்காலம் வழக்காடினர். கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இதனை ஆராய்ந்து தனிநூலே எழுதினார். 1025-ஆம் ஆண்டுக் கடாரப் படையெடுப்பில் இத்தகைய ஐயம் இல்லை. தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டில் ஊர்கள் வரிசையாக நிற்கின்றன. சீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மானக்கவாரம், கடாரம் உள்ளிட்ட பதின்மூன்று இடங்கள். சுமத்திராவிலும் மலாய்த் தீவக்குறையிலும் நிக்கோபாரிலுமாக இவை பரவிக் கிடக்கின்றன. இவற்றை நிலப்படத்தில் குறித்தால் மலாக்கா நீரிணையின் இரு கரையும் புலப்படும். சீனத்திற்குச் செல்லும் கடல்வழியின் கழுத்து அது. சலாமிஸ் போன்றதொரு குறுகிய நீர்வழியை அடைவதற்குச் சோழர் ஈராயிரம் கிலோமீட்டருக்கு மேற்பட்ட திறந்த கடலைப் பருவக்காற்றின் துணையால் கடந்தனர். இரவுதோறும் கரையேறும் கிரேக்கக் கலத்தால் எண்ணிப்பார்க்க முடியாத செயல் இது. இப்பெருமையைக் குறைத்துச் சொல்ல நான் வரவில்லை.

ஆனால் அந்தக் கல்வெட்டில் கலங்களின் எண்ணிக்கை இல்லை. படைத்தலைவன் பெயர் இல்லை. புறப்பட்ட துறை இல்லை. மாலுமியின் கூலி இல்லை. அவன் உண்ட உணவு இல்லை. சிறைப்பட்ட கடாரத்தரசன் சங்கிராம விசயோத்துங்கவர்மனின் பெயரும், அவனுடைய யானைகளும், கருவூலமும், மணிக்கதவங்களும் இருக்கின்றன. பொருள்கள் எண்ணப்பட்டன; ஆட்கள் எண்ணப்படவில்லை. மும்பையின் போரிவலியை அடுத்த எக்சரில் உள்ள நடுகற்களில் கடற்போர்க் காட்சி உண்டு. அங்கே துடுப்பு வலிப்போர் வரிசையாகக் கல்லில் அமர்ந்திருக்கின்றனர். கடாரத்திற்குச் சென்றவர்க்கு அந்த அளவு இடமும் வாய்க்கவில்லை.

இன்னொன்றும் நினைக்க வேண்டும். கடாரத்தார் நமக்குப் பரம்பரைப் பகைவர் அல்லர். அவ்வரசர் குலத்தவன் எழுப்பிய சூடாமணி விகாரம் நாகப்பட்டினத்தில் நின்றது. அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை இராசராசனே 1006-ஆம் ஆண்டையொட்டி வழங்கினான். லெய்டன் செப்பேடு என வழங்கும் பெரிய செப்பேடு இதைக் கூறும். தந்தை கொடை கொடுத்த குலத்தின் மீது, இருபதாண்டு கழியுமுன் மகன் படை செலுத்தினான். சீனத்தோடு நடந்த வாணிகத்தில் யார் இடைநிற்பது என்பதே பூசலின் வேர் என்று வரலாற்றாசிரியர் பலர் கருதுவர். சோழர் அங்கே தங்கி ஆளவில்லை. 1068 அளவில் வீரராசேந்திரன் கடாரத்தை மீண்டும் வென்று, உதவி வேண்டி வந்த அந்நாட்டரசனுக்கே திருப்பிக் கொடுத்தான். 1090-இல் முதற் குலோத்துங்கன் அதே விகாரத்தின் உரிமைகளை உறுதிசெய்தான். ஏதென்சைப்போல் திறை கறந்து அழியாமல், சோழர் மீண்டும் வாணிகத்திற்குத் திரும்பினர்.

இத்தனை நடந்தும், கடாரப் போரைப் பற்றி நம்மிடம் எஞ்சியிருப்பவை மெய்க்கீர்த்தியும் புகழ்மாலைகளில் வரும் குறிப்புகளுமே. ஒரு முழுப் பாட்டு இல்லை. போரைப் பாடத் தமிழில் இலக்கியம் இல்லாமலா போயிற்று? பரணி இருக்கிறது. ‘பாரசீகர்’ என்னும் பெயரை நினைவில் வைக்கச் சொன்னேன். பரணி நூலுக்குத் தோற்றவர் பெயரை வைப்பதே தமிழ் மரபு. கலிங்கம் தோற்றது; நூல் கலிங்கத்துப் பரணி. கிரேக்கத்தில் ஒரு கவிஞர் செய்ததை நாம் இலக்கண மரபாகவே கொண்டிருந்தோம்! ஆனால் தோற்றவர்க்குப் பெயரைக் கொடுத்த பரணி, குரலைக் கொடுக்கவில்லை. களத்தில் கூழ் அடும் பேய்களுக்குக் குரல் உண்டு. கலிங்கத்துத் தாய்க்கு இல்லை. அந்தக் குரலைக் குயத்தியாரோடு நாம் விட்டுவிட்டோம். கடாரத்திற்கோ பெயரளவிலும் ஒரு பரணி நமக்குக் கிட்டவில்லை.

கீழ்த்தளத்தில் சென்றவர்கள்

கடாரம் என்பது மலேசியாவின் இன்றைய கெடா மாநிலம். இராசேந்திரன் படை சென்று ஏறத்தாழ எண்ணூற்றைம்பது ஆண்டுகளுக்குப் பின், அதே கரைக்கு நம்மவர் மீண்டும் கப்பலேறினர், இம்முறை கூலிகளாக. நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் ஏறிப் பினாங்கில் இறங்கினர். 1926 முதல் 1970-களின் தொடக்கம்வரை ஓடிய ரஜூலா என்னும் கப்பலை அறியாத மலேசியத் தமிழ்க் குடும்பம் அரிது. அதன் தளத்தில் பாய் விரித்துப் படுத்துச் சென்றவர்கள் ஆயிரமாயிரம் பேர். கெடாவின் காடுகள் ரப்பர்த் தோட்டங்கள் ஆனது அவர்கள் கையால்.

‘கடாரம் கொண்டான்’ என்று மேடைதோறும் முழங்குகிறோம். முழங்கட்டும். ஆனால் கடாரத்து மண்ணில் பால்மரம் சீவியவனின் பேரனிடம் போய் அதே முழக்கத்தைச் சொன்னால் அவன் என்ன நினைப்பான்? மன்னன் சென்ற கடலும் கூலி சென்ற கடலும் ஒன்றே. ஒன்றைப் பாடி மற்றதை மறைத்தால், நாம் பாடுவது கடலை அன்று, அரியணையை.

இதை இந்த ஊரில் சொல்வது எனக்கு எளிது. ஆவடியில் உருவான டாங்கிகள் குடியரசு நாள் அணிவகுப்பில் போகும்போது நாடே கைதட்டும். அவற்றின் இரும்பைப் பற்றவைத்த கை, மாலையில் புறநகர் வண்டியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு பட்டாபிராமில் இறங்கும். அந்தக் கைகளுக்கு உரியவர்கள் இவ்வவையில் இருக்கிறீர்கள். உங்கள் அண்டை வீட்டில் இருக்கிறார்கள். கலம் ஓட்டியவர் யார் என்று கேட்டாளே என் மாணவி, அக்கேள்வியின் பொருள் உங்களுக்கு நான் விளக்காமலே விளங்கும்.

கவிஞர்களே! முதற் கலம் எக்காலத்தும் புறப்பட்டுவிடும். அதற்கு முரசு உண்டு, ஆணை உண்டு, கல்வெட்டு உண்டு. இரண்டாம் கலம் தானாகப் புறப்படாது. யாரேனும் இரவெல்லாம் உறங்காமல் மனம் உறுத்தி, மறுநாள் எழுந்து பேசினால்தான் அது கடலில் இறங்கும். கடாரத்தின் பின்னே ஆயிரம் ஆண்டுகளாக அது புறப்படவில்லை. பாய் இழுத்தவனைப் பாடுங்கள். நாகப்பட்டினத்துக் கரையில் காத்திருந்தவளைப் பாடுங்கள். எரிந்த கடாரத்துத் துறையில் மகனைத் தேடிய தாயை, அவள் நம் மொழி அறியாதவள் எனினும், தமிழில் அழ விடுங்கள். சோழன் பெருமை அதனால் குறையாது. குயத்தியார் பாடியதால் கரிகாலன் சிறுத்துப் போகவில்லை. அப்பாட்டைக் கேட்டவன் என்பதாலேயே நம் கண்ணுக்கு உயர்ந்து நிற்கிறான்.

அடுத்த திங்கள் கூட்டத்தில் உங்களுள் ஒருவரேனும் அப்படி ஒரு பாட்டோடு வந்தால், என் மாணவிக்கு நான் தர வேண்டிய விடையை உங்களிடமிருந்து பெற்றுச் செல்வேன்.